158 என்ற எண்ணின் மயக்கம்

1942 செப்டம்பர் 1. எகிப்தின் எல் அலமெய்ன் பாலைவனம். ஹான்ஸ்-யோவாகிம் மார்செய் என்ற 22 வயது ஜெர்மன் விமானி அன்று மூன்று முறை வானேறினார். காலையில் 4 விமானங்கள், முற்பகலில் பத்தே நிமிடத்தில் 8, மாலையில் 5 என்று ஒரே நாளில் 17 எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாக அவர் கணக்கில் ஏறியது. அந்த மாதமே அவர் இறந்தும் போனார். மொத்தக் கணக்கு 158. பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட மேற்கத்திய நேச நாடுகளின் விமானங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், இவ்வளவு எண்ணிக்கை கொண்ட ஜெர்மன் விமானி வேறு எவருமில்லை.

இந்த எண்ணைச் சுற்றி எண்பது ஆண்டுகளாக ஒரு புராணம் வளர்ந்து வருகிறது. ‘ஆப்பிரிக்காவின் நட்சத்திரம்’, வானத்தில் தனியொருவனாகப் போர் செய்த வீரன், எதிரியை மதித்த கனவான், ஹிட்லரையே சட்டை செய்யாத ஜாஸ் ரசிகன் என்று அவருக்கு அடைமொழிகளுக்குக் குறைவில்லை. போர் விமானங்களைப் பற்றிய காணொளிகளும் ஆர்வலர் நூல்களும் இந்தச் சித்திரத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைகின்றன. அவற்றில் ஒரு கேள்விக்கு மட்டும் இடமே இருப்பதில்லை. இத்தனை விமானங்களை அவர் வீழ்த்தியதால் ஜெர்மன் படைக்குக் கிடைத்தது என்ன?

அதே செப்டம்பர் 1 அன்று தரையில் நடந்ததைப் பார்ப்போம். ஆலம் ஹல்ஃபா குன்றைப் பிடித்து, கெய்ரோவுக்கு வழி திறக்க ஜெர்மன் தளபதி ரோம்மல் எகிப்தில் தன் கடைசிப் பெரும் தாக்குதலைத் தொடங்கி இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. கண்ணிவெடி வயல்களில் சிக்கி நின்ற அவருடைய டாங்கிகள் மீதும் லாரிகள் மீதும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருந்தன. முதல் இரவிலேயே ரோம்மலின் கீழிருந்த ‘ஆப்பிரிக்கா கோர்’ படையணியின் தளபதி நேரிங் விமானத் தாக்குதலில் காயமடைந்து களத்திலிருந்து அகற்றப்பட்டார். ஒரு முற்பகலில் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே ஆறு முறை தன் மீது குண்டு விழுந்ததாக ரோம்மலே பின்னர் எழுதிவைத்திருக்கிறார். பதுங்கு குழிக்குள் பாய்ந்து அவர் உயிர் தப்பினார். குழியின் விளிம்பில் கிடந்த மண்வெட்டியைக் குண்டுச் சிதறல் துளைத்துப் போனது. செப்டம்பர் 3ஆம் தேதிக்குள் படை பின்வாங்கத் தொடங்கிவிட்டது.

ரோம்மலின் தலைமீது குண்டு போட்டவை பாஸ்டன், பால்டிமோர் போன்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். அன்று மார்செய்யின் கணக்கில் ஏறிய 17இல் ஒன்றுகூட அந்த ரகம் இல்லை. பதினேழும் சண்டை விமானங்கள்.

அது ஒரு நாளின் தற்செயல் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். ஆப்பிரிக்காவில் அவர் உரிமை கோரிய 151 வெற்றிகளையும் ரகம் பிரித்துப் பார்த்தால் அந்தச் சமாதானமும் நிற்காது. சண்டை விமானங்களில் பி-40 வகை 101. ஹரிக்கேன் 30. ஸ்பிட்ஃபயர் 16. குண்டுவீச்சு விமானங்கள் 4. ஒன்றரை ஆண்டுக் காலம், நூற்றுக்கணக்கான பறப்புகள், நான்கே நான்கு குண்டுவீச்சு விமானங்கள்!

குண்டுவீச்சு விமானத்துக்குக் காவலாகப் பறக்கும் சண்டை விமானிக்கு இருப்பது ஒரே வேலை. எதிரி தன்னைத் துரத்தினாலும் சரி, தன்னைச் சுட்டாலும் சரி, பாஸ்டன் பக்கம் அவன் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், மார்செய்யிடம் சிக்கி இறந்த தென்னாப்பிரிக்க விமானியும் ஆஸ்திரேலிய விமானியும் தங்கள் வேலையை முடித்துவிட்டே இறந்தார்கள். குண்டுகள் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன.

அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்வது இங்கே நோக்கமல்ல. சொல்லப்போனால் அந்தத் திறமை மலைக்க வைப்பது. ஜெர்மன் விமானங்கள் மேலிருந்து வருவதைக் கண்டால் பி-40 விமானிகள் ஒருவர் வாலை ஒருவர் காக்கும்படி வட்டமாகச் சுற்றத் தொடங்குவார்கள். யார் யாரைத் துரத்தினாலும் பின்னால் வருபவரின் துப்பாக்கிக்கு இலக்காக வேண்டியிருக்கும் என்பது ஏற்பாடு. மற்ற ஜெர்மன் விமானிகள் அந்த வட்டத்தை வெளியிலிருந்து கொத்திவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். மார்செய் உள்ளே நுழைவார். எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கைத் தட்டுகளை இறக்கி, தன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தை அதன் இயல்புக்கு மீறிய மெதுவான வேகத்துக்குக் கொண்டுவந்து, வட்டத்துக்குள்ளேயே இன்னும் இறுக்கமான ஒரு வட்டம் போடுவார். இலக்கு தன் விமானத்தின் மூக்குக்கு அடியில் மறைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் கணத்தில், அது வரப்போகும் இடத்தை மனக்கணக்கில் குறித்துச் சுடுவார். ஓரிரு நொடிச் சூடு போதும். 1942 ஜூன் 3 அன்று பீர் ஹக்கீம் அருகே தென்னாப்பிரிக்காவின் 5ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆறு விமானங்களை 11 நிமிடத்தில் இப்படித்தான் வீழ்த்தினார். அவருடைய கணக்கில் பெரும்பகுதி பிரிட்டிஷ் தரப்பின் இழப்புப் பதிவுகளோடு பொருந்தியும் வருகிறது. ஆகவே ‘பொய்க்கணக்கு’ என்று தட்டிக்கழிப்பதில் பயனில்லை. கணக்கு ஏறத்தாழ மெய்யாகவே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே பேசலாம்.

ஆனால் அந்த வித்தை நடக்கும்போது கூட வந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? துணை விமானி ரைனர் பொட்கென் பெரும்பாலும் மார்செய்யின் வாலைக் காத்தார். எந்த விமானம் எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தது என்று குறித்தார். படைப்பிரிவில் அவருக்கு ‘பறக்கும் எண்ணுங்கருவி’ என்றே பட்டப்பெயர் இருந்தது. இவ்வளவு தேர்ந்த ஒரு விமானியைக் கணக்கப்பிள்ளையாக வைத்திருந்ததை ‘தோழமை’ என்று புராணம் எழுதுகிறது. படை நடத்தத் தெரிந்தவர்கள் அதை வீண் என்பார்கள். நான்கு விமானங்கள் வானேறி, ஒருவர் சுட மூவர் காவல் நிற்பது நட்சத்திரத்தை வளர்க்க உதவும். புதிதாக வந்த விமானியைச் சண்டைக்குத் தேர்ச்சியாக்க உதவாது.

எண்ணிக்கையே எல்லாம் என்றான இடத்தில் வேறொரு நோயும் வரும். வந்தது. மார்செய் பறந்த 27ஆம் சண்டை விமானப் படையின் மற்றொரு குழுவில் நால்வர் 1942 ஆகஸ்டில் கூட்டாகப் பொய்க்கணக்கு எழுதிப் பிடிபட்டார்கள். எதிரியே இல்லாத இடத்தில் மணல்மேடுகளைச் சுட்டுத் தோட்டாவைக் காலி செய்துவிட்டு வந்து வெற்றி கோரினார்கள் என்பது குற்றச்சாட்டு. மார்செய்க்கு அதில் பங்கில்லை. ஆனால் பதக்கத்தை எண்ணிக்கையில் தொங்கவிட்ட அமைப்பு அது. ஐம்பதுக்கு நைட்ஸ் கிராஸ் பதக்கம், 75க்கு அதன் மேல்படியான ஓக் இலைகள், நூறைத் தாண்டியதும் வாள்கள் என்று மார்செய்யின் கழுத்துக்கே அப்படித்தான் வந்தன.

இப்போது 1942 கோடைக்கு வருவோம். புராணத்தை அடியோடு ஆட்டுவது இந்த நாட்காட்டிதான். ஜூன் 17 அன்று நூறாவது வெற்றி. மறுநாள் வாள் பதக்கம் அறிவிப்பு. அதே வேகத்தில் அவரை ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டார்கள். லிபியாவின் டோப்ருக் கோட்டை ஜூன் 21 அன்று விழுந்தபோது அவர் ஆப்பிரிக்காவில் இல்லை. ஜூலை மாதம் முழுக்க முதல் எல் அலமெய்ன் சண்டை நடந்தது; நைல் நதியை எட்ட ரோம்மலுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்ததில்லை. அப்போதும் மார்செய் இல்லை. ஜூன் இறுதியில் ஹிட்லரின் தலைமையகத்தில் பதக்கம் வாங்கினார். பெர்லினில் கூட்டம் சூழ்ந்தது, வாராந்தரச் செய்திப்படங்கள் அவரைக் காட்டின, பத்திரிகை அட்டைகளில் முகம் வந்தது. ஆகஸ்டில் ரோமில் முசோலினி கையால் தங்கப் பதக்கம். களத்துக்குத் திரும்பியது ஆகஸ்ட் 23 அன்று.

களைத்த விமானிக்கு ஓய்வு வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அவரோடு பறந்த சாதாரண விமானிகளுக்கு இரண்டு மாத ஓய்வு கிடைக்கவில்லை. அவர் நிழற்படம் விமானத்தைவிட அதிகம் பயன்படும் என்று பெர்லின் கணக்குப் போட்டது. கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகத்துக்கு ஒளிபடைத்த கண்ணும் குறும்புச் சிரிப்புமுள்ள ஒரு பெர்லின் பையன் தேவைப்பட்டான். ஸ்டாலின்கிராட் நோக்கிப் படைகள் நகர்ந்துகொண்டிருந்த அந்தக் கோடையில், பாலைவனத்து இளைஞனின் எண்ணிக்கை செய்தியாக நன்றாகவே விற்றது.

எதிர்த்தரப்பு எப்படி நடந்துகொண்டது? பிரிட்டிஷ் அணியில் ஒரு விமானி ஏறத்தாழ 200 மணி நேரம் போர்ப் பறப்பை முடித்ததும் களத்திலிருந்து விலக்கப்பட்டார். பயிற்சிப் பள்ளிக்குப் போய், தான் கற்றதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் அவர்களில் எவருக்கும் நூறு, நூற்றைம்பது என்று கணக்கு ஏறவில்லை. ஜெர்மன் விமானி சாகும் வரையோ முடமாகும் வரையோ பறந்துகொண்டே இருந்தார். எண்ணிக்கை ஏறியது. அனுபவம் அவரோடு சேர்ந்து மணலில் புதைந்தது. இரு தரப்பு எண்களையும் ஒரே பட்டியலில் அடுக்கி, ‘பாருங்கள், யார் மேல்!’ என்று கேட்பவர்கள் இந்த ஏற்பாட்டு வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

அழிந்த பி-40களுக்குப் பதில் வராமலும் இல்லை. அமெரிக்காவில் கட்டிய விமானங்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கொராடி துறைமுகத்தில் பெட்டிகளில் இறங்கின, அங்கே பூட்டப்பட்டு, கண்டத்தின் குறுக்கே தாவித் தாவிப் பறந்து கெய்ரோ வந்தன. மொத்தம் பி-40 வகையில் மட்டும் 13,000க்கு மேல் தயாரானது. ஜெர்மன் தரப்பிலோ எரிபொருளுக்கே தட்டுப்பாடு. ஆகஸ்ட் 30 அன்று, ஆலம் ஹல்ஃபா தாக்குதல் தொடங்கிய அதே நாளில், ரோம்மலுக்கு எண்ணெய் கொண்டுவந்த சான் ஆன்ட்ரியா கப்பலை மால்டாவிலிருந்து வந்த டார்பிடோ விமானங்கள் மூழ்கடித்தன. அதைச் செய்த விமானிகளின் பெயர் வான்போர் நட்சத்திரங்களின் ரசிகர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் கிளைவ் கால்ட்வெல். அதே பாலைவனம், அதே பி-40. அவருடைய போர்க்கால மொத்தக் கணக்கு 30ஐத் தொடவில்லை. மார்செய்யின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால் சொற்பம். ஆனால் 1941 டிசம்பர் 5 அன்று ஒரே சண்டையில் ஐந்து ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்களை அவர் வீழ்த்தினார். அந்த ஐந்தும் அதன் பிறகு எந்தக் காலாட்படையின் தலைமீதும் பாயவில்லை. தரையில் மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும் சிப்பாயைக் கேட்டால், மார்செய்யின் ஒரு நாள் 17ஐவிட கால்ட்வெல்லின் ஒரு நாள் ஐந்தைத்தான் அவன் கேட்பான். அந்தச் சிப்பாய்களில் நம்மவர்களும் உண்டு. எரித்ரியாவிலிருந்து அலமெய்ன் வரை சென்ற 4ஆம் இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் இருந்தன. கண்ணி அகற்றுவதும் பாதை வெட்டுவதும் அவர்கள் வேலை.

நட்சத்திரத்தை நம்பிக் கட்டிய அமைப்பு எப்படி இடிந்தது என்பதற்குச் செப்டம்பர் மாதமே சாட்சி. 6ஆம் தேதி குந்தர் ஸ்டைன்ஹவுசன் இறந்தார். கணக்கு 40. மறுநாள் ஹான்ஸ்-ஆர்னால்ட் ஸ்டால்ஷ்மிட் திரும்பவில்லை. கணக்கு 59. 30ஆம் தேதி மார்செய். புதிதாக வந்திருந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-2 விமானத்தில் ஸ்டூகாக்களுக்குக் காவல் போய்த் திரும்பும் வழியில், சுடுவதற்கு எதிரியே இல்லாத வானத்தில், எஞ்சின் கோளாறால் விமானி அறையில் புகை நிறைந்தது. தங்கள் எல்லைக்குள் வரும் வரை தாக்குப்பிடித்தார். விமானத்தைக் கவிழ்த்துக்கொண்டு குதித்தபோது வால்பகுதி நெஞ்சில் மோதியது. பாராசூட் விரியவே இல்லை. அதன் பிறகு அவருடைய குழுவே மனமொடிந்து சில வாரங்களுக்குச் சிசிலிக்கு அனுப்பப்பட்டது. பிரிட்டிஷ் தளபதி மான்ட்காமரியின் பெருந்தாக்குதல் தொடங்கிய அக்டோபர் 23க்கு முன்னால், ரோம்மலுக்கு ஒவ்வொரு விமானமும் தேவைப்பட்ட நாட்களில்! ஒரு விமானி போனால் ஒரு குழுவே படுத்துவிடும் என்றால், அந்த விமானியை அப்படி வளர்த்தது யார் குற்றம்?

இனி ‘கனவான்’ கதை. 1941 செப்டம்பரில் மார்செய் ஓர் எதிரி விமானியைச் சுட்டு வீழ்த்தினார். ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரனில் பறந்த பையர்ஸ் என்பவர். அவர் தீக்காயங்களோடு சிறைப்பட்டதை எழுதி, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கு நடுவே எதிரி முகாமின் மேல் பறந்து அந்தச் செய்தியை மார்செய் போட்டுவிட்டு வந்தார். இது நடந்தது. பாராட்டத் தக்கதும்கூட. ஆனால் ஒரு மனிதனின் நற்செயலைக் கொண்டு ஒரு போரையே கழுவி எடுத்துவிட முடியாது. ரோம்மலின் போர்க் குறிப்புகள் 1950இல் ஜெர்மனியில் ‘வெறுப்பில்லாத போர்’ என்ற தலைப்பில்தான் நூலாயின. பாலைவனத்தில் அரசியல் இல்லை, வீரர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற எண்ணத்துக்கு அந்தத் தலைப்பே சுருக்கம்.

அதே 1942இல், லிபியாவின் ஜாடோ என்ற இடத்தில் இத்தாலியர்கள் நடத்திய முகாமில் சுமார் 2,600 லிபிய யூதர்கள் அடைக்கப்பட்டார்கள். பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் 562 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், நடமாடும் விஷவாயு வண்டிகளோடு தொடர்புடைய எஸ்.எஸ். அதிகாரி வால்ட்டர் ரவ்ஃப், ரோம்மலின் படை நைலைத் தாண்டினால் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் யூதர்களைக் கொன்றழிக்கத் தயாரான ஒரு சிறப்புப் பிரிவுக்குத் தலைவராக டோப்ருக் வந்து போனார். அந்தப் பிரிவு ஏதென்ஸில் காத்திருந்தது. எல் அலமெய்னில் ஜெர்மன் படை தடுக்கப்பட்டதால் அதற்கு வேலை வரவில்லை. மார்செய் காத்த வானத்துக்குக் கீழே திறக்கவிருந்த வழி அது. அவருக்கு அது தெரியுமா தெரியாதா என்பது வேறு விஷயம்.

மார்செய்யின் நற்குணத்துக்குச் சாட்சியாக எப்போதும் காட்டப்படுபவர் இன்னொருவர். டோப்ருக்கில் சிறைப்பட்டு, மத்தியாஸ் என்ற பெயரில் அவருக்கு ஏவலாளாக இருந்த தென்னாப்பிரிக்கக் கறுப்பினச் சிப்பாய். இருவருக்கும் நட்பு மலர்ந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒருவர் அதிகாரி, மற்றவர் கைதி. துணி துவைத்தவரும் சமைத்தவரும் யார் என்பதில் சந்தேகமில்லை. சொந்த நாட்டு ராணுவமே துப்பாக்கி தர மறுத்த படைப்பிரிவிலிருந்து வந்தவர் அவர். அதே படைப்பிரிவைச் சேர்ந்த ஜோப் மசெகோவும் அதே டோப்ருக்கில்தான் சிறைப்பட்டார். கப்பல்துறையில் அடிமை வேலை செய்யும்போதே, பால் டப்பாவில் வெடிமருந்தை அடைத்து ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலை வெடிக்க வைத்தார். ராணுவப் பதக்கமும் பெற்றார். அதே மணலில் நடந்த இந்த வீரத்துக்குச் செய்திப்படமும் இல்லை, நட்சத்திரப் பட்டமும் இல்லை.

கடைசியாக, ‘உள்ளூர நாஜி எதிர்ப்பாளர்’ என்ற கதை. நீளமான தலைமுடி, தடைசெய்யப்பட்ட ஜாஸ் இசை, ஹிட்லர் முன்னால் பியானோவில் அமெரிக்க மெட்டு வாசித்தது, யூதக் கொலைகளைக் கேள்விப்பட்டுக் கலங்கியது என்று அடுக்குகிறார்கள். இவற்றில் கனமானவை பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து, முதிர்ந்த வயதில் பழைய சகாக்கள் சொன்ன நினைவுகள். பையன் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவன் என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்து மேல் நடந்த வான் போரின்போது அவருடைய மேலதிகாரி ஸ்டைன்ஹாஃப் அந்த அடங்காமைக்காகவே அவரை வேறு படைக்கு மாற்றினார். ஆனால் சீருடையை ஒழுங்காகப் போடாததும் ஆட்சியை எதிர்ப்பதும் ஒன்றல்ல. இரவு விடுதியில் நேரம் போக்கியவரெல்லாம் எதிர்ப்பியக்கத்தவர் என்றால், பாதி ஜெர்மன் விமானப்படைக்குப் பட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். ஜெர்மன் ராணுவத்தின் சொந்த வரலாற்று மையமே 2013இல் இதை ஆராய்ந்தது. மரபு மீறிய நடத்தையை வைத்து அவரை நாஜிசத்திலிருந்து விலகி நின்றவராகக் காட்டும் முயற்சிகள் வாசகரைத் தவறாக வழிநடத்துவதாக அது முடிவுசொன்னது.

இந்தக் கதை போருக்குப் பின் இவ்வளவு வலுவானதற்கு ஒரு காரணம் இருந்தது. மேற்கு ஜெர்மனி 1955இல் மீண்டும் ராணுவம் அமைத்தது. அதற்குப் பழைய படையிலிருந்து கறைபடாத முகங்கள் வேண்டியிருந்தன. இரண்டே ஆண்டில், 1957இல், ஆல்ஃபிரட் வைடன்மன் இயக்கிய ‘ஆப்பிரிக்காவின் நட்சத்திரம்’ திரைக்கு வந்தது. நாஜிகள் ஆண்ட காலத்திலேயே படமெடுத்துப் பழகியவர் வைடன்மன். இருபத்திரண்டு வயதில் இறந்துபோனவனைவிட வசதியான முகம் ஏது? விசாரணைக் கூண்டில் அவன் நிற்கப்போவதில்லை, நினைவுக் குறிப்பு எழுதி உளறப்போவதும் இல்லை. 1975இல் ஹாம்பர்க் அருகே ஆப்பென் என்ற ஊரிலிருந்த விமானப்படை முகாமுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அங்கே பயிற்சி பெற்ற ஒவ்வொரு தலைமுறைக்கும் கோயபல்ஸின் அமைச்சகம் தேர்ந்தெடுத்த அதே முகம் முன்னுதாரணமாக நின்றது.

அந்தப் பெயர்ப்பலகை 2021இல் இறக்கப்பட்டது. இப்போது முகாமின் பெயர் யூர்கன் ஷூமன். அவரும் ஒரு காலத்தில் ஜெர்மன் விமானப்படையில் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஓட்டியவர். பிறகு லுஃப்தான்சா கேப்டன். 1977 அக்டோபரில் 86 பயணிகளோடு கடத்தப்பட்ட அவருடைய விமானம் ஏடனில் ஓடுபாதைக்கு வெளியே மணலில் இறங்கியது. சக்கரங்களைச் சோதிக்கக் கீழே இறங்கியவர், தப்பி ஓடாமல் விமானத்துக்கே திரும்பினார். கடத்தல்காரர்களின் தலைவன் அவரைப் பயணிகள் கண்முன்னே சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழித்து மொகாதிஷுவில் 86 பயணிகளும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.